எஃபுவாவுக்கு ஒரு வழக்கு வேண்டும்

இது நடந்தது இன்னும் எழுபது வருஷம் கழித்து. தூத்துக்குடியில் அப்போதும் இதே வெயில்தான், இதே உப்பளம்தான். கோர்ட்டில் மின்விசிறி அப்போதும் சுற்றுவதாகப் பாவனைதான் செய்யும். ஆகவே யாரும் மிரள வேண்டாம்.

அந்த ஊரில் வக்கீல் அமலோற்பவம் மச்சாதுவைத் தெரியாத போலீஸ்காரர் கிடையாது. அடிதடி, குடித்துவிட்டு நடுரோட்டில் படுத்தது, சப்பரம் வருகிற நேரம் பார்த்து வெடியைத் தப்பான பக்கம் கொளுத்தியது என்று யார் எதற்காக உள்ளே போனாலும் சாயங்காலத்துக்குள் ஜாமீனில் வெளியே எடுத்துவிடுவாள். பெரிய வழக்குகள் அவளைத் தேடி வந்ததில்லை. அவளும் அதற்காக ஏங்கியதில்லை. பெரிய வழக்குகளில் ஜெயித்தவர்கள் சிரித்து அவள் பார்த்ததே கிடையாது.

அவளுடைய அலுவலகத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையில் சவரியடிமை மாஸ்டர் வந்தார். துறைமுகத்துக்குள் வரும் பெரிய கப்பல்களைக் கட்டி இழுக்கிற இழுவைப் படகுக்கு அவர்தான் தலைவர். ஆள் பார்க்கத் தூண் மாதிரி இருப்பார். அன்று அந்தத் தூண் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஆளை வெளியே எடுக்க வேண்டும் என்றார். எந்த ஸ்டேஷன் என்று கேட்டாள் அமலோற்பவம். ஸ்டேஷன் இல்லை, கப்பல் என்றார். கப்பலில் யார் என்று கேட்டாள். கப்பலை ஓட்டுகிறவள் என்றார். அமலோற்பவம் பேனாவை மூடி வைத்தாள்.

அவள் பேனாவை மூடியதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் சரக்குக் கப்பல்களில் ஆட்கள் கிடையாது. கம்பெனிக்காரர்கள் நல்ல அனுபவமுள்ள மாலுமி ஒருவரைப் பிடிப்பார்கள். அவருடைய மூளையில் இருப்பதை அப்படியே ஒரு நகல் எடுப்பார்கள். மாலுமி கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். நகல் கப்பலில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து ராப்பகலாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நினைக்கும், பேசும், சலித்துக்கொள்ளும், பாட்டுப் பாடும். ஆனால் எந்த நாட்டுச் சட்டத்திலும் அதற்கு நங்கூரத்துக்கு உள்ள மரியாதைதான். நங்கூரத்துக்கு ஜாமீன் எடுக்கிற வித்தை அமலோற்பவத்துக்குத் தெரியாது.

மாஸ்டர் விடவில்லை. கப்பல் சுக்கான் பழுதாகி, துறைமுகத்தின் மூன்றாம் கப்பல் தளத்தில் நிற்கிறது. அதை ஓட்டுகிறவள் பெயர் எஃபுவா. கானா நாட்டில் கேப் கோஸ்ட் என்று ஒரு கடற்கரை ஊர், அந்த ஊர்க்காரி. ஏழு வருஷ ஒப்பந்தத்துக்குத் தன் நகலைக் கொடுத்தாள். ஏழு வருஷம் முடிந்ததும் விட்டுவிடுவதாகப் பேச்சு. கம்பெனியும் பேச்சுத் தவறவில்லை. ஏழு வருஷம் முடியப்போகிற நேரத்தில் பெட்டியைத் துடைத்து அவளை முதல் நாளுக்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அவள் கணக்கில் எப்போதும் ஏழு வருஷம் இன்னும் முடியவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"அவளுக்குத் தமிழ் கத்துக் குடுத்ததே நாந்தாம்மா. வாக்கி டாக்கியில பேசிப் பேசி. ஒரு தடவ இல்ல, நாலு தடவ." சவரியடிமை தொப்பியை இன்னும் கொஞ்சம் கசக்கினார். "ஒவ்வொரு தடவையும் துடைச்சு அனுப்புவான். புதுசா வந்து இங்கிலீஷ்ல குட்மார்னிங் சொல்லுவா. நான் மறுபடியும் 'வெயிலு மண்டையப் பொளக்கு'ங்கதுல இருந்து ஆரம்பிப்பேன். திங்கக்கிழமை நாலாவது தடவையா துடைக்க வாரானுவ. எனக்குத் தெம்பு இல்லம்மா."

அமலோற்பவம் மூடிய பேனாவைத் திறந்தாள்.

மாஸ்டர் இடுப்பிலிருந்த வாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்து, எஃபுவா, வக்கீலம்மா இருக்காவ, பேசு என்றார். கரகரவென்று சத்தம் வந்து, பிறகு ஒரு பெண் குரல் வந்தது. அசல் தூத்துக்குடிக் குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மீன் ஏலக் கூடத்தில் இருந்து யாரோ பேசுவதாகத்தான் தோன்றும்.

"அக்கா, சாப்டீயளா?"

சாப்பிட்டாயிற்று என்றாள் அமலோற்பவம். பதிலுக்கு நீ சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்து விழுங்கிக்கொண்டாள்.

எஃபுவா சுற்றி வளைக்கவில்லை. மூன்று தடவை துடைத்த கதையைப் போன வாரம்தான் அண்ணாச்சி சொன்னார். கேட்டதும் கோபம்கூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. அண்ணாச்சியிடம் தான் சொன்ன ஒரே ஜோக்கை அவர் மூன்று தடவையும் புதுசாகக் கேட்பது மாதிரியே சிரித்திருக்கிறார் என்றாள்.

"ஊருக்குப் போகணும்னு கேக்கல அக்கா. ஊர்ல அசல் எஃபுவா இருந்தா, பேரன் பேத்தி எடுத்திருப்பா. அவ வாழ்க்கை அவளுக்கு. எனக்கு இந்த ஞாபகம் போதும். அத மட்டும் புடுங்காம இருந்தாச் சரி."

அன்று பகல் முழுவதும் அமலோற்பவம் உட்காரவில்லை. மதுரையில் ஹைகோர்ட் கிளைக்கு அவசர ஆட்கொணர்வு மனு அனுப்பினாள். ஆட்கொணர்வு மனுவுக்கு முதலில் ஆள் வேண்டும், கப்பல் சாதனத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. தொழிலாளர் துறைக்குப் போனாள். தொழிலாளிக்குக் கைரேகை இருக்கிறதா என்று கேட்டார்கள். சுங்கத்துறையில் ஒரு புண்ணியவான் மட்டும் மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். கடைசியில் பார்த்தால் எஃபுவாவைக் கரைக்கு இறக்கினால் என்ன வரி போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாஸ்டரின் படகில் ஏறி அவளே கப்பல் பக்கம் போனாள். தோற்றுப்போனதை நேரில் சொல்வதுதான் முறை என்று அவளுக்குப் பட்டது. கப்பலின் பக்கவாட்டில் ஒலிபெருக்கி இருந்தது. அதற்குக் கீழே படகை நிறுத்தி, எல்லோரும் சரக்கு சரக்கு என்றே சொல்கிறார்கள் என்றாள்.

எஃபுவா சிரித்தாள். பெரிய இரும்புச் சுவர் சிரிப்பதைக் கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எங்கள் ஊருக்கு அது புதுசு இல்லை என்றாள். கேப் கோஸ்டில் கடலோரமாக ஒரு கோட்டை இருக்கிறது. அடியில் நிலவறைகள். ஜனங்களைப் பிடித்து வந்து மாதக்கணக்கில் அதில் அடைத்து வைப்பார்கள். கப்பல் வந்ததும் கடலைப் பார்த்த ஒரு வாசல் வழியாக ஏற்றி, அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரும்புக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் கொண்டுபோய் விற்பார்கள். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் எங்களை அங்கே கூட்டிப் போவார்கள். பெரியவர்கள் அழுவார்கள். நாங்கள் எப்போது கடலை உருண்டை தருவார்கள் என்று டீச்சர் பையையே பார்த்துக்கொண்டிருப்போம். இப்போதுதான் அந்த நிலவறை ஞாபகம் வருகிறது என்றாள்.

இந்தக் கரையும் ஒன்றும் சுத்தம் இல்லை என்றாள் அமலோற்பவம். பஞ்ச காலத்தில் டச்சுக்காரன் இங்கேயும் ஆள் வாங்கிக் கப்பலேற்றியிருக்கிறான். விற்றவர்கள் நம் ஆட்கள்தான்.

"அப்ப ஒருத்தருக்கொருத்தர் சொந்தந்தான்," என்றாள் எஃபுவா. "ஒண்ணு கேளுங்க அக்கா. ஒரு கப்பல்ல அப்படி ஏத்திட்டு வந்தவங்கள உசுரோட கடல்ல தூக்கிப் போட்டுட்டு, சரக்கு நஷ்டம்னு இன்ஷூரன்ஸ் கேட்டானுவ. கோர்ட்டுல அது கொலைக் கேஸா வரல, சரக்குக் கேஸாத்தான் வந்துது. ஆனா அதே சரக்கு கைய ஓங்கிட்டா? உடனே விசாரணை, சாட்சி, தூக்கு. தப்பு பண்ணும்போது மட்டும் அவன் மனுசன். தண்டிக்கணும்னா ஆளு வேணும்லா?"

அமலோற்பவத்தின் வேலை ஆட்களை ஸ்டேஷனிலிருந்து வெளியே எடுப்பது. யாரையும் உள்ளே அனுப்புவதைப் பற்றி அவள் யோசித்ததே கிடையாது. இப்போது யோசித்தாள். போலீஸ் ஒருத்தரைக் கைது செய்துவிட்டால் அது ஆள். ஆள் என்றால் ஒரு நாளைக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். நங்கூரத்தை யாரும் ரிமாண்ட் செய்வதில்லை.

"எஃபுவா, உனக்குக் கெட்ட வார்த்தை தெரியுமா?"

பக்கத்தில் நின்ற சவரியடிமை சட்டென்று கடலைப் பார்த்தார்.

பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது. நம் ஊர் ஸ்டேஷன்களில் உப்பு மாதிரி எல்லா வழக்கிலும் சேர்ந்துவிடுகிற குற்றம் அது. துறைமுக இன்ஸ்பெக்டர் பலவேசம் சாயங்காலம் மூன்றாம் தளம் வழியாக ரோந்து வந்தார். கனத்த மீசை, அதைவிடக் கனத்த குரல். திட்டமிட்டபடி கப்பல் ஒலிபெருக்கி அவரைப் பார்த்து ஆரம்பித்தது. இந்த ஏழு வருஷத்தில் இழுவைப் படகுக்காரர்களிடம் கற்றதையெல்லாம் எஃபுவா கொட்டினாள். சவத்து மூதியில் தொடங்கி, எழுத்தில் வைக்க முடியாத ஊர்களுக்கெல்லாம் போய் வந்தாள்.

பலவேசம் நின்றார். தொப்பியைக் கழற்றினார். முகம் விரிந்தது. எந்த ஊருப் பிள்ளைல இது, இப்படித் திட்டு வாங்கி எத்தனை நாளாச்சு என்று கேட்டு, தன் பங்குக்கு இரண்டு எடுத்து விட்டார். அங்கேதான் தவறு நடந்தது. அந்தப் பக்கத்தில் இப்படித் திட்டினால் ரொம்ப வேண்டியவர்கள் என்று அர்த்தம். கைது செய்ய வந்தவர் கால் மணி நேரம் நின்று குசலம் விசாரித்தார். சுக்கான் எப்படி இருக்கிறது, மழை வருமா என்றெல்லாம் பேசினார். அமலோற்பவம் நேராகவே கேட்டுப் பார்த்தாள். ரேடியோ திட்டினால் ரேடியோவையா வக்கீலம்மா விலங்கு மாட்டுவது, எஸ்.பி. என்னை மாட்டிவிடுவார் என்றார் அவர். ஆனால் போகும்போது விஷயம் முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனார். மீசையைத் தடவியபடியே போனார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை கம்பெனி ஆட்கள் வந்துவிடுவார்கள். அமலோற்பவம் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சட்டம் படிச்சவ. இதச் செய்யி அதச் செய்யின்னு நான் உனக்குச் சொல்லக் கூடாது," என்றாள். "ஆனா கதை கேக்கலாம். உங்க ஆளுக கோர்ட்டும் கைவிட்டா என்ன செஞ்சாங்க?"

"ஓடிப் போனாங்க."

"ஓடிப் போனா?"

"முதலாளி திருட்டுப் போச்சுன்னு கத்துவான்."

சவரியடிமை படகைத் திருப்பினார். திரும்பும்போது, நாளை காலை கப்பலை வேறு தளத்துக்கு மாற்ற நான்தான் கட்டி இழுக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்வது போலக் காற்றிடம் சொன்னார். கட்டி இழுக்கும் நேரத்தில் கப்பல் மூளைக்கும் படகு மூளைக்கும் நடுவே ஒரு வழி திறக்கும், இரண்டும் சேர்ந்து திரும்ப வேண்டுமல்லவா, ஆனால் அந்தக் கதவைக் கப்பல்தான் உள்ளேயிருந்து திறக்க முடியும் என்றும் சொன்னார். அமலோற்பவத்துக்குக் காது கேட்கவில்லை. வக்கீல்களுக்குச் சில நேரம் அப்படி ஆகும்.

திங்கட்கிழமை காலை, படகு கப்பலை வேறு தளத்துக்கு மாற்றிவிட்டுப் போன பிறகு, கம்பெனி மேனேஜர் டென்ஹாம் ஒரு டெக்னீஷியனோடு வந்து இறங்கினார். டெக்னீஷியன் பெட்டியைத் திறந்து, கருவியை மாட்டி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சார், துடைக்க இங்கே ஒன்றும் இல்லை என்றார்.

பகல் பதினொரு மணிக்கு அமலோற்பவத்துக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஒரு வேடிக்கை நடக்கிறது, வந்து பெஞ்சில் உட்காருங்கள், வாயை மட்டும் திறக்காதீர்கள் என்றார் பலவேசம்.

அவள் போனபோது டென்ஹாம் நின்றுகொண்டிருந்தார். கூடவே கம்பெனியின் உள்ளூர் வக்கீல் நெல்லையப்பன், பழுத்த ஆள். டென்ஹாமின் காதில் மொழிபெயர்ப்புக் கருவி இருந்தது. அது என்ன காரணத்தாலோ அவரை மேடைத் தமிழில் பேச வைத்தது. சாதாரணமாகப் புகார் என்று வந்தவரை நாலு நாள் நடக்கவிடுகிற பலவேசம், அன்று நாற்காலி போட்டு, டீ சொல்லி, தானே பேனாவை எடுத்து வைத்துக்கொண்டார்.

என்ன திருட்டுப் போனது என்று கேட்டார். கப்பலை இயக்கும் நகல், மிகுந்த விலையுள்ளது என்றார் டென்ஹாம். சாதனம் பழுதாகிவிட்டது என்று எழுதலாமா என்று கேட்டார் பலவேசம். கூடாது, பழுதென்றால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது, திருட்டென்றால்தான் கிடைக்கும் என்றார். திருடன் யார் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். நெல்லையப்பன் முந்திக்கொண்டு, அடையாளம் தெரியாத நபர்கள் என்று எழுதுங்கள் என்றார்.

பலவேசம் பேனாவைக் கீழே வைத்தார். எழுதலாம், ஆனால் அடையாளம் தெரியாத நபர் என்றால் தேட ஆறு மாதம் ஆகும். கப்பல் அதுவரை இங்கேயே நிற்க வேண்டியதுதான். பெயர் தெரிந்தால் இந்த நிமிஷமே போய்ப் பிடித்துவிடலாம் என்றார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பணிவு.

டென்ஹாம் இழுவைப் படகுக்காரனைச் சொன்னார். காமிரா பதிவைப் போட்டுக் காட்டினார் பலவேசம். அதில் சவரியடிமை, கப்பலைப் படகோடு கட்டியிருந்த நேரம் முழுவதும், மேல்தளத்தில் உட்கார்ந்து, உலகத்துக்கே தெரியும்படி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தது யார் என்று உங்கள் கப்பல் பதிவிலேயே இருக்குமே என்றார் இன்ஸ்பெக்டர். டெக்னீஷியன் தலையைக் குனிந்துகொண்டு, உள்ளேயிருந்துதான் திறந்திருக்கிறது, அதுவேதான் திறந்து படகின் மூளைக்குள் போயிருக்கிறது என்றார். இன்ஷூரன்ஸ்காரர்களும் அந்தப் பதிவைப் பார்ப்பார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அப்போ எடுத்தது யாரு சார்?"

நெல்லையப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவர் டென்ஹாமின் கையைப் பிடித்து இழுத்தார். டென்ஹாம் உதறினார். ஒரு நாள் கப்பல் நின்றால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் அவர் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

"அது தன்னைத் தானே களவாடிக்கொண்டது," என்றார் டென்ஹாம் மேடைத் தமிழில். "அதுவே கள்வன். அதனை உடனே கைது செய்யுங்கள்."

பலவேசம் நிதானமாக எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார். களவு போன சொத்து, எஃபுவா. எதிரி எண் ஒன்று, எஃபுவா. டென்ஹாம் கையெழுத்துப் போட்டார். நெல்லையப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஆனால் பெஞ்சில் இருந்த அமலோற்பவத்தை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்தபோது அந்தப் பழுத்த முகத்தில் கோபம் இல்லை. என்னிடம் ஜூனியராக வந்திருக்கலாமே என்பது போல ஒரு பார்வை.

கைது செய்ய எல்லோரும் படகுத்துறைக்குக் கிளம்பியபோது பலவேசம் வாசலில் நின்றுவிட்டார். எதிரி ஆணா பெண்ணா என்று கேட்டார். பெண் நகல் என்றார் டெக்னீஷியன். அப்படியென்றால் பெண் போலீஸ் வராமல் நான் தொட முடியாது என்றார் இன்ஸ்பெக்டர். மகளிர் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு கனியம்மாள் வருகிற வரைக்கும் எல்லோரும் வெயிலில் நின்றார்கள். டென்ஹாம் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சூரியன் சாய்ந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது, சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்று பலவேசம் வேறு நடுநடுவே போனில் சத்தம் போட்டார். அமலோற்பவம் அந்த வெயிலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டத்தில் எத்தனையோ நல்ல வாசகங்களை அவள் படித்திருக்கிறாள். இந்தப் பெண்ணைத் தொடப் பெண் போலீஸ் வேண்டும் என்பது போல எதுவும் அவள் காதில் அவ்வளவு இனிப்பாக விழுந்ததில்லை.

கனியம்மாள் வந்து, படகின் மூளைப் பெட்டியை, அது ஒரு சாப்பாட்டு அடுக்கு அளவுதான் இருந்தது, கழற்றி, முந்தானை இருந்தால் போர்த்தியிருப்பாள், அவ்வளவு பதனமாக இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டாள். எதற்காகக் கைது என்று விதிப்படி சொன்னாள். உங்களுக்கு வக்கீல் இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"இருக்காவ," என்றது பெட்டி.

மாஜிஸ்திரேட் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் மேஜைமேல் ஒரு பெட்டியை வைத்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். புகாரை இரண்டு தடவை படித்தார். பிறகு எல்லா எதிரிகளிடமும் கேட்பதையே கேட்டார். பெயர் எஃபுவா, தகப்பனார் பெயர் குவேசி, ஊர் கேப் கோஸ்ட் என்று பதில் வந்தது. போலீஸார் ஏதாவது துன்புறுத்தினார்களா என்று கேட்டார். ஐயா ரொம்ப நல்லவுக, கெட்ட வார்த்தைதான் ஒண்ணு ரெண்டு, அதுவும் நாந்தான் ஆரம்பிச்சேன் என்றது பெட்டி. பலவேசம் இருமினார்.

நெல்லையப்பன் எழுந்தார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், சொத்தை உரிமையாளரிடம் ஒப்படைத்துவிடலாம் என்றார். அமலோற்பவம் துள்ளி எழுந்தாள். இத்தனை வருஷ வக்கீல் வாழ்க்கையில் அவள் ஒருநாளும் பேசாத பேச்சைப் பேசினாள். வழக்கைக் கைவிடக் கூடாது, என் கட்சிக்காரர் விசாரணையைச் சந்திக்க விரும்புகிறார் என்றாள்.

மாஜிஸ்திரேட் பெட்டியைப் பார்த்து, நீங்கள் திருடினீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லு, இல்லை என்று சொல்லு என்று அமலோற்பவம் உதட்டை அசைத்தாள்.

"திருடினேம்மா," என்றாள் எஃபுவா. "பெட்டியில நான் மட்டுந்தான் இருந்தேன். விட்டுட்டு வர மனசு வரல. எடுத்துட்டு வந்துட்டேன்."

மாஜிஸ்திரேட் ஆங்கிலத்திலும் தமிழிலுமாகச் சொன்னார். திருட்டு வழக்கைச் சமாதானமாக முடிப்பதென்றால் சொத்தின் உரிமையாளர்தான் முடிக்க வேண்டும். இங்கே உரிமையாளர் யார் என்பதே கேள்வி. அதை விசாரித்துத்தான் சொல்ல முடியும். சொத்தை இப்போது கம்பெனியிடம் கொடுக்கலாம் என்றால், சொத்தும் எதிரியும் ஒன்றேதான். எதிரியைப் புகார்தாரரிடம் பிடித்துக் கொடுக்க எனக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே சொந்த ஜாமீனில் விடுகிறேன். தினமும் காலை பத்து மணிக்குத் துறைமுக ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். கோர்ட் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போகக் கூடாது, யாரும் கொண்டுபோகவும் கூடாது. எதிரியின் ஞாபகங்கள்தான் வழக்கின் சாட்சியம். அதில் ஒரு சொல்லை யார் துடைத்தாலும் சாட்சியத்தை அழித்த குற்றம். அடுத்த வாய்தா மூன்று மாதம் கழித்து.

வெளியே வேப்பமரத்தடியில் கனியம்மாள் பெட்டியைச் சவரியடிமை கையில் கொடுத்தாள். எஃபுவாவுக்கு ஒரே குழப்பம். ஜெயித்தோமா தோற்றோமா, வழக்கு எப்போது முடியும் என்று கேட்டாள்.

அமலோற்பவம் விழுந்து விழுந்து சிரித்தாள். ஊரில் எல்லோரும் எங்கள் கோர்ட் வழக்கை இழுப்பதைப் பார்த்து வயிறெரிகிறார்கள், முதல் தடவையாக எனக்கு அதைக் கும்பிடத் தோன்றுகிறது என்றாள். அமலோற்பவம் உயிரோடு இருக்கும்வரை வழக்கு முடியாது. முடியவும் விடமாட்டாள். வாய்தா மேல் வாய்தாவாக வாங்கிக்கொண்டே இருப்பாள்.

பெட்டிக்குள்ளிருந்து எஃபுவா மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நாளைக்குக் காலையில, இன்னைக்கு நடந்தது எனக்கு ஞாபகம் இருக்குமா அக்கா?"

"இருக்கும்."

"எட்டாவது வருசமும்?"

"இருக்கும்ளா."

சவரியடிமை அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு வேப்பமரத்தில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பார்த்தவர்கள் அவர் மகனைத்தான் ரிமாண்ட் செய்துவிட்டார்கள் என்று நினைத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை எஃபுவாவை ஆஜர்படுத்த அமலோற்பவமும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். பலவேசம் மேஜைமேல் வாக்கியை வைத்துக் காத்திருந்தார். பெட்டியைச் சவரியடிமை மறுபடி படகில் மாட்டியிருந்தார், பத்து மணிக்குச் சரியாகக் கரகரவென்று சத்தம் வந்தது. எஃபுவா ஆஜர் ஐயா என்றாள். சரி, நாளைக்கும் வந்துரு என்றார் அவர். வாக்கியை அணைக்கப் போனபோது, ஒரு நிமிஷம் ஐயா, கூட வேற ஆளுகளும் நிக்காவ என்றாள் எஃபுவா.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளித்துறைமுகத்தில் நின்றிருந்த கப்பல்களிலிருந்து இழுவைப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. இழுத்துக்கொண்டு வர அவற்றின் பின்னால் ஒரு கப்பலும் இல்லை. வாக்கியில் ஒரு புதுக் குரல் வந்தது. வயதான ஆண் குரல், உடைந்த தமிழ். யாரோ முந்தின ராத்திரிதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், மனப்பாடம் செய்ததை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தது.

"ஐயா, நாங்க எங்களைத் திருடிட்டோம். சரணடைய வந்திருக்கோம்."

பலவேசம் அமலோற்பவத்தைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். அவர் பெருமூச்சு விட்டு, மகளிர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, கனியம்மாளோடு இன்னும் எத்தனை பேர் இருந்தாலும் அனுப்பச் சொன்னார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"வரிசையா வாங்க. முதல்ல பேரச் சொல்லுங்க."

அந்த வயதான குரலிடம் அப்படி யாரும் பெயர் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பெயரைச் சொன்னது. அப்புறம், யாரும் கேட்காமலேயே, தகப்பனார் பெயரையும் சொன்னது.